தரை பிரியாச் சில்லு

மோட்டார்ச் சைக்கிளின் சிறப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். எத்தனை குதிரை வலு, மணிக்கு எத்தனை மைல் என்பனவே அவர்கள் கேட்கும் வினாக்கள். ஆயினும் அவ்வண்டியின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலனாகும். இரு சில்லுகளின்மேல் ஓடும் வண்டிக்குத் தரையோடுள்ள தொடர்பு, உள்ளங்கை அளவான இரண்டே இடங்களில் அமைந்துள்ளது. வண்டியை முன்னே செலுத்துவதும், நிறுத்துவதும், வளைவிலே திருப்புவதும் அவ்விரண்டு இடங்களின் மூலமே நிகழ்கின்றன. மேடுபள்ளத்திலே துள்ளிச் சில்லுத் தரையை விட்டு எழுமாயின், அந்தக் கணத்தில் எஞ்சினும் பிறேக்கும் கைபிடியும் பயனற்றவையாகிவிடுகின்றன. அந்தக் கணத்திற் செலுத்துவோனின் உயிருக்குக் காவல் இல்லை.

ஆகவே சில்லைத் தரையோடு பிரியாமல் வைத்திருப்பது எவ்வாறு என்பதே மோட்டார்ச் சைக்கிளைப் பற்றிய முதன்மையான வினா. இவ்வினாவுக்குக் கிடைத்த சிறந்த விடைகளுட் பல, பெரும் தொழிற்சாலைகளின் வரைபட அறைகளிற் பிறந்தவை அல்ல. வாங்கிய வண்டியிற் குறைகண்டு, தம் கையாலேயே ஓர் உறுப்பைச் செய்து பொருத்திப் பார்த்த தனி மனிதரிடமிருந்து அவை வந்தன. அத்தகையோருள் தலைசிறந்த ஒருவரின் கதை வட அயர்லாந்திலே, பெல்பாஸ்ட் நகரிலே நிகழ்ந்தது.

அக்கதையை விளங்கிக்கொள்வதற்கு அதற்கு முந்திய நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். தொடக்கத்தில் மோட்டார்ச் சைக்கிள் என்பது எஞ்சின் பூட்டிய துவிச்சக்கர வண்டியாகவே இருந்தது. காலப்போக்கில் முன்சில்லைத் தாங்கும் கவைக்கு ஸ்பிறிங் அமைத்தனர். பின்சில்லோ சட்டகத்தோடு அசையாது பிணைக்கப்பட்டிருந்தது. பள்ளத்தில் விழும் அடி சட்டகத்தின் வழியே நேராகச் செலுத்துவோனின் முதுகெலும்பைத் தாக்கிற்று. ஆசனத்தின் கீழ் வைத்த ஸ்பிறிங்குகளே அவனுக்கிருந்த ஆறுதல். அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் 1913இலேயே பின்சில்லுக்குத் தகட்டு ஸ்பிறிங் அமைத்தது. இங்கிலாந்திலே பிலிப் வின்சென்ட் என்பவர் 1928 தொடக்கம் தம் வண்டிகளின் பின்புறத்தை ஸ்பிறிங்கின்மேல் நிறுத்தினார். ஆயினும் பிரித்தானியத் தயாரிப்பாளருட் பெரும்பாலோர் அவ்வழியிற் செல்லவில்லை. பின்புறம் அசைந்தால் வண்டி வளைவிலே ஆடும் என்பது அவர்களது கொள்கை. அக்கொள்கை முற்றிலும் ஆதாரமற்றதன்று. அக்காலத்து அசையும் மூட்டுகள் விரைவிலே தேய்ந்து தளர்ந்தன. தளர்ந்த மூட்டோடு ஓடிய வண்டி உண்மையிலேயே ஆடியது. நோயின் காரணம் மூட்டின் தளர்ச்சி என்பதை உணராமல், அசைவே நோய் என்று அவர்கள் தீர்மானித்துவிட்டனர்.

மற்றொரு குறையும் இருந்தது. ஸ்பிறிங் தனியே நின்று தன் கடமையை முற்றாகச் செய்யமாட்டாது. அழுத்தப்பட்ட ஸ்பிறிங் தான் பெற்ற சக்தியைச் சேமித்து வைத்து, மறுகணமே திருப்பி உதைக்கின்றது. கிணற்றுக் கயிற்றை விட்டபின் துலா பல முறை ஆடி ஓய்வதுபோல, ஸ்பிறிங்கின்மேல் நிற்கும் வண்டியும் ஒரு பள்ளத்துக்குப் பல முறை எழுந்து தாழும். அந்த ஆட்டம் ஓயுமுன் அடுத்த பள்ளம் வந்துவிட்டால் ஆட்டம் பெருகும். ஆகவே ஆட்டத்தின் சக்தியை உறிஞ்சித் தணிக்கும் ஓர் உறுப்பு ஸ்பிறிங்கிற்குத் துணையாக வேண்டும். வேலைத்தலங்களில் ‘ஷொக் அப்சோபர்’ என்று வழங்கப்படும் அதிர்வுதாங்கியின் பணி இதுவே. பழைய அதிர்வுதாங்கிகள் தட்டுகள் ஒன்றோடொன்று உராய்வதால் தணித்தன. அவை மெல்லிய அசைவின்போது இறுகி நின்றன. கடுமையான அசைவின்போது போதாமற் போயின. எண்ணெய் அதிர்வுதாங்கியின் இயல்பு இதற்கு மாறானது. சிறு துளைகளின் வழியே எண்ணெய் தள்ளப்படும்போது, அசைவு மெல்லியதாயின் எதிர்ப்பும் மெல்லியதாகும். அசைவு விரைவாயின் எதிர்ப்பும் மிகும். உறிஞ்சப்பட்ட சக்தி வெப்பமாக மாறிக் காற்றிற் கலந்துவிடும். ஜேர்மனியின் பி. எம். டபிள்யூ. நிறுவனம் 1935இல் எண்ணெயினால் தணிக்கப்படும் குழாய் முன்கவையைத் தன் வண்டிகளுக்கு அமைத்தது. பின்சில்லுக்கு அத்தகைய நல்வாழ்வு பரவலாகக் கிட்டுவதற்கு இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் சென்றது.

இந்நிலையிலேதான் றெக்ஸ் மக்கான்ட்லெஸ் என்பவரைச் சந்திக்கின்றோம். அவர் 1915இற் பிறந்தவர். இளமையிலேயே பள்ளியை விட்டுத் தொழிலுக்குச் சென்றவர். பொறியியற் பட்டமோ முறையான தொழினுட்பப் பயிற்சியோ அவருக்கில்லை. ஆனால் மோட்டார்ச் சைக்கிளை விரைவாகச் செலுத்தவும், செலுத்தும்போது அது என்ன செய்கின்றது என்பதை உடம்பினால் உணரவும், உணர்ந்ததன் காரணத்தை ஆராயவும் அவர் அறிந்திருந்தார். அவரிடம் ட்ரையம்ப் வண்டியொன்று இருந்தது. நல்ல எஞ்சின், ஆயினும் சீரற்ற வீதியிலே அதன் நடத்தை அவருக்குத் திருப்தி தரவில்லை. எஞ்சினுக்கு மேலும் வலுவூட்டுவதற்குப் பதிலாக, அவர் சில்லையும் சட்டகத்தையும் நோக்கித் தம் சிந்தனையைத் திருப்பினார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944ஆம் ஆண்டிலே, தம் சகோதரர் குறோமியின் துணையோடு அவர் ஒரு வண்டியை உருவாக்கினார். அதன் பின்சில்லை, முன்முனையில் உறுதியான மூட்டிலே பொருந்தி மேலுங் கீழும் அசையும் ஒரு கவை தாங்கிற்று. இதுவே இன்று ‘சுவிங் ஆம்’ என வழங்கும் அசைகவை. அக்கவையின் இருபுறமும் நிமிர்ந்து நின்ற எண்ணெய் அதிர்வுதாங்கிகள் அதன் அசைவைத் தணித்தன. போர்க்காலத்தில் புதிய உறுப்புகள் எளிதிற் கிடைக்கமாட்டா. எனவே சிற்றோயன் மோட்டார்க் காரின் அதிர்வுதாங்கிகளை எடுத்துத் தம் தேவைக்கேற்பப் பயன்படுத்தினார். ‘பீனியல்’ என்று அவ்வண்டிக்குப் பெயர். ஐரிஷ் மொழியிலே ‘மிருகம்’ என்பது அதன் பொருளாகும். பெயரில் மிருகமாயினும் நடத்தையில் அது பழகிய குதிரையாயிற்று.

பின்னர் அவர் செய்த செயலே நமது பொருளுக்கு மிகவும் நெருங்கியது. தாம் கண்ட பயனைத் தமக்கு மட்டும் வைத்துக்கொள்ளாது, பிற வண்டிகளுக்கும் பொருந்தத்தக்க உறுப்புத் தொகுதியாக அதனை அமைத்தார். பின்புறம் அசையாத பழைய வண்டியை வைத்திருந்த ஒருவர், புதிய வண்டி வாங்காமலே அதன் பின்பாகத்தை மாற்றி, அசைகவையும் அதிர்வுதாங்கிகளும் பூட்டிக்கொள்ள முடிந்தது. போருக்குப் பிந்திய அக்காலத்திலே பிரித்தானியாவிற் புதிய வண்டிகளுட் பல ஏற்றுமதிக்கே சென்றன. உள்நாட்டார் பழைய வண்டிகளைப் பேணி ஓட்டவேண்டியிருந்தது. அத்தகையோர்க்கு இத்தொகுதி பேருதவியாயிற்று. பின்னர் பெரிடக்ஸ் என்னும் நிறுவனம் இதனைப் பெற்று விற்பனை செய்தது. தொழிற்சாலை கொடாத உறுதியை, வெளியே வாங்கிப் பூட்டிய ஓர் உறுப்புக் கொடுத்தது.

அவ்வேளையில் பேர்மிங்காம் நகரத்து நோர்ட்டன் நிறுவனம் பந்தய உலகிலே பெரும் புகழோடு விளங்கியது. வீதியை இறுகப் பற்றுவதில் உலகிலேயே சிறந்த வண்டி தனதே என்று அது விளம்பரமும் செய்தது. அதன் பந்தய வண்டிகளின் பின்சில்லு, நிமிர்ந்த குழாய்களுக்குள்ளே சிறிதளவு மேலுங் கீழும் வழுக்கி அசையும் அமைப்பினதாயிருந்தது. அதன் தோற்றத்தைக் கண்டோர் ‘தோட்டக் கதவு’ என்று அதற்குப் பட்டப்பெயர் இட்டனர். அசைவின் அளவு சிறிது, தேய்வு மிகுதி, இருபுறமும் ஒருசீராக அசையாதபோது சில்லுச் சாய்ந்தது. 1949ஆம் ஆண்டு மான் தீவிலே நடைபெற்ற புகழ்பெற்ற ரி. ரி. பந்தயத்தின் பெரும் பிரிவில் நோர்ட்டன் வீரர் ஹரோல்ட் டானியல் வென்றார். ஆனால் அது முன்னணியிற் சென்ற ஏ. ஜே. எஸ். வண்டி முடிவுக்குச் சற்றுமுன் பழுதுற்றமையாற் கிடைத்த வெற்றி. பல சிலிண்டர்களைக் கொண்ட புதிய எஞ்சின்களின்முன் ஒற்றைச் சிலிண்டர் நோர்ட்டன் வலுவிலே பின்தங்கியிருந்தது. எஞ்சினால் வெல்லமுடியாததை வேறெதனால் வெல்வது?

விடை பெல்பாஸ்டிலிருந்து வந்தது. விளம்பரத்திற் கூறப்பட்ட பெருமை உண்மையன்று, அதனினும் சிறந்த சட்டகம் தம்மிடம் உண்டு என்று றெக்ஸ் மக்கான்ட்லெஸ் அந்நிறுவனத்தாரிடமே கூறினார். பட்டம் பெறாத ஒரு தொழிலாளி இவ்வாறு கூறும்போது சினங்கொள்வது எளிது. பொருத்திப் பார்ப்பது அரிது. நோர்ட்டன் நிறுவனத்தார் அரியதைச் செய்தனர். இரு நீண்ட குழாய்கள் இரட்டை வளையமாக எஞ்சினைச் சூழ்ந்து, கைபிடி திரும்பும் தலைப்பகுதியிலே ஒன்றையொன்று கடந்து இணையும் சட்டகத்தை மக்கான்ட்லெஸ் அமைத்தார். அது எளிதில் முறுகாதது. எஞ்சின் சற்று முன்னே வைக்கப்பட்டமையால் முன்சில்லுக்கும் போதிய பாரம் கிடைத்தது. பின்னே அசைகவையும் எண்ணெய் அதிர்வுதாங்கிகளும், முன்னே குழாய்க் கவையும் அமைந்தன. பாரிசுக்கு அண்மையிலுள்ள மொன்லேரி ஓடுகளத்திலும் மான் தீவிலும் அதனைக் கடுஞ் சோதனைக்கு உட்படுத்தினர். அதைச் செலுத்திப் பார்த்த டானியல், பழைய வண்டியோடு ஒப்பிட்டு இது இறகு மெத்தையைப் போன்றது என்றார். ‘இறகு மெத்தை’ என்பதே அச்சட்டகத்திற்கு நிலைத்த பெயராயிற்று.

1950 ஏப்பிரல் மாதத்தில், இங்கிலாந்தின் பிளான்ட்போர்ட் களத்தில் இளைஞர் ஜெப் டியூக் அவ்வண்டியைச் செலுத்தி வென்றார். அவ்வாண்டு யூன் மாதம் மான் தீவிலே அதன் உண்மைச் சோதனை வந்தது. அத்தீவின் பந்தயப் பாதை ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 37¾ மைல் நீளமானது. அது தனியே அமைத்த களமன்று. கல்மதில்களுக்கும் வீடுகளுக்கும் இடையே, மலையேறி இறங்கும் பொதுவீதி. அங்கு வண்டி சற்றே தடம் மாறினும் மீட்சி இல்லை. 1949இல் வென்ற டானியலின் சராசரி வேகம் மணிக்கு 86.93 மைல். 1950இல் டியூக் மணிக்கு 92.27 மைல் சராசரியோடு வென்றார். இரண்டாம் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் நோர்ட்டன் வீரரான ஆர்ட்டி பெல்லும் ஜொனி லொக்கெட்டும் பெற்றனர். சிறு பிரிவுப் பந்தயத்திலும் முதல் மூன்று இடங்கள் நோர்ட்டனுக்கே. எஞ்சினிலும் அவ்வாண்டு திருத்தங்கள் நிகழ்ந்தன என்பது உண்மையே. ஆயினும் வலுமிகுந்த வண்டிகளை வளைவுகளிலே பின்தள்ளியது, தரையைப் பிரியாத அதன் சில்லு என்பதிற் பந்தய உலகு ஒருமனப்பட்டது.

வெற்றியின் நடுவே ஒரு பாடமும் வந்தது. புதிய சட்டகம் அனுமதித்த வேகத்தை அவ்வாண்டின் டயர்கள் தாங்கவில்லை. பெல்ஜியத்திலும் ஒல்லாந்திலும் நடந்த பந்தயங்களிலே டயர்களின் மேற்பட்டை பிய்ந்து கழன்றது. அதனால் இழந்த புள்ளிகளின் விளைவாக, உலக வெற்றிப் பட்டத்தை இத்தாலியின் கிலேரா வண்டியைச் செலுத்திய உம்பேர்ட்டோ மசெற்றியிடம் டியூக் ஒரேயொரு புள்ளியால் இழந்தார். ஓர் உறுப்பைச் சிறப்பாக்கினால், அதற்கு அடுத்த உறுப்பு தன் குறையை வெளிப்படுத்தும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. டயர்களை மாற்றியபின், 1951இல் அதே டியூக் 350 சி. சி., 500 சி. சி. ஆகிய இரு பிரிவுகளிலும் உலக வெற்றி வீரரானார்.

அதன் பின் நிகழ்ந்தது நோர்ட்டனுக்கு மகிழ்ச்சி தரக்கூடியதன்று. சட்டகத்தின் சிறப்பிலே நம்பிக்கை வைத்து, புதிய பல சிலிண்டர் எஞ்சினைப் பந்தயக் களத்திற்குக் கொண்டுவர அந்நிறுவனத்தால் இயலவில்லை. டியூக் 1953இல் கிலேராவிற் சேர்ந்தார். வலுவிலே குறைவற்ற அவ்வண்டியின் சட்டகத்தை, தாம் நோர்ட்டனிற் கண்ட அறிவைக்கொண்டு திருத்த வழிகாட்டினார். வலுவும் உறுதியும் ஒன்றுசேர்ந்தபோது 1953, 1954, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 500 சி. சி. உலகப் பட்டம் அவர்க்கே உரியதாயிற்று. நோர்ட்டன் சட்டகமோ புகழ் மங்காது வாழ்ந்தது. அச்சட்டகத்திலே ட்ரையம்ப் எஞ்சினைப் பூட்டி ‘ட்ரைற்றன்’ என்னும் கலப்பு வண்டியைச் செய்வது ஆங்கில இளைஞரிடையே பெருவழக்காயிற்று.

மக்கான்ட்லெஸ் ஒருவரே இத்துறையில் உழைத்தவர் என்று கூறுவது நியாயமாகாது. ரோயல் என்பீல்ட் நிறுவனமும் அதே ஆண்டுகளிலே தன் புல்லட் வண்டிக்கு அசைகவையையும் எண்ணெய் அதிர்வுதாங்கிகளையும் அமைத்தது. 1948இல் இத்தாலியிலே நடந்த பன்னாட்டு ஆறுநாட் சோதனையில் வெற்றிக் கிண்ணம் பெற்ற பிரித்தானிய அணியில் அவ்வண்டிகளும் இடம்பெற்றன. அந்தப் புல்லட்டை உருவாக்குவதற்கே 1955இற் சென்னையில் என்பீல்ட் இந்தியா நிறுவனம் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டு வீதிகளிலே தலைமுறை தலைமுறையாக ஒலித்துவரும் அவ்வண்டியின் பின்சில்லு, நாம் பேசும் இவ்வரலாற்றின் உயிருள்ள ஒரு சாட்சி.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து இதே கதை வேறு நாடுகளில் மீண்டும் நிகழ்ந்தது. 1970ஐ அடுத்த ஆண்டுகளில் யப்பானிய வண்டிகளின் எஞ்சின் வலு மிக விரைவாக வளர்ந்தது. அதற்கு ஈடாகச் சட்டகமும் அதிர்வுதாங்கியும் வளரவில்லை. அதிவேகத்திலே வண்டி பாம்புபோல் நெளிவதைக் கண்டு அஞ்சியோர், ஒல்லாந்தின் கோனி போன்ற நிறுவனங்களின் அதிர்வுதாங்கிகளை வாங்கிப் பூட்டினர். பெல்ஜியத்துப் பொறியியலாளர் லூசியன் ரில்கென்ஸ், பின்சில்லுக்கு இரண்டு அதிர்வுதாங்கிகளுக்குப் பதிலாக ஒரே நீண்ட அதிர்வுதாங்கியைக் கொண்ட அமைப்பை உருவாக்கினார். யமகா நிறுவனம் அதனைப் பெற்றுக்கொண்டது. மேடுபள்ள நிலத்தில் நடைபெறும் மோட்டோகுறொஸ் பந்தயத்தின் 250 சி. சி. உலகப் பட்டத்தை, 1973இல் ஹோக்கன் அன்டர்சன் அவ்வமைப்புடைய வண்டியினால் வென்றார். சுவீடனிலே மோட்டோகுறொஸ் வீரராயிருந்த கென்ற் ஓலின், தம் வண்டியின் அதிர்வுதாங்கிகளைத் திருத்தத் தொடங்கி, 1976இல் தமது பெயரிலேயே ஒரு நிறுவனத்தை அமைத்தார். இரண்டே ஆண்டுகளில் அவரது உறுப்பைப் பூட்டிய வண்டி உலகப் பட்டம் பெற்றது. 1987இல் யமகா நிறுவனமே அந்நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கிற்று. வெளியே பிறந்த உறுப்பைத் தொழிற்சாலை ஈற்றில் தன் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்வது இவ்வரலாற்றின் வழக்கமாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து இன்று ஒரு மோட்டார்ச் சைக்கிளை வைத்திருப்போர் பெறக்கூடிய பயன் யாது? சந்தையிலே பலவகை அதிர்வுதாங்கிகளும் ஸ்பிறிங்குகளும் விற்கப்படுகின்றன. விலை உயர்ந்ததும் மிக விறைத்ததுமே சிறந்தது என்று எண்ணுவது பெருந்தவறு. விறைத்த ஸ்பிறிங் பள்ளத்திலே சில்லை இறங்கவிடாது. மேட்டிலே சில்லை உதைத்தெறியும். செலுத்துவோனின் நிறைக்கும் ஏற்றும் சுமைக்கும் ஏற்பவே ஸ்பிறிங்கின் வலிமை அமையவேண்டும். அவன் ஏறி அமர்ந்ததும், மொத்த அசைவின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வண்டி தாழ்வது பொதுவாக நல்ல அளவென்பர். அவ்வாறு தாழ்ந்து நின்றாலன்றி, பள்ளம் வந்தபோது கீழே நீண்டு தரையைத் தொடச் சில்லுக்கு இடமிராது. ஸ்பிறிங்கை வலிதாக்குவோர் அதன் உதைப்பைத் தணிக்கும் எண்ணெய் எதிர்ப்பையும் அதற்கேற்ப மிகுவித்தல் வேண்டும். இல்லையேல் துள்ளலையே விலைக்கு வாங்கியவராவர்.

பின்புறத்தைச் சற்று உயர்த்தும் நீண்ட அதிர்வுதாங்கியைப் பூட்டினால், முன்கவையின் சாய்வு குறைந்து நிமிர்கின்றது. வண்டி விரைவாகத் திரும்பும். ஆனால் நேர்வீதியில் அதன் உறுதி குறையும். பின்னே செய்த மாற்றம் முன்னே பேசும் என்பதை மறத்தலாகாது. இவை யாவற்றிற்கும் முன்னதாக, கைபிடித் தலையின் குண்டுப்போதிகை, அசைகவையின் மூட்டு, டயரின் காற்றழுத்தம் ஆகியவற்றைச் சோதித்தல் கடமை. தளர்ந்த மூட்டோடு ஓடிய வண்டியைக் கண்டு, அசைவே குற்றமென்று தீர்ப்பளித்த பழைய தயாரிப்பாளரின் தவறை இன்று எவரும் மீண்டும் செய்யவேண்டியதில்லை.

றெக்ஸ் மக்கான்ட்லெஸ் 1992இற் காலமானார். அவர் வகுத்த வழியிலே, இரு அதிர்வுதாங்கிகள் தாங்கும் அசைகவை பல ஆண்டுகள் உலகெங்கும் மோட்டார்ச் சைக்கிள்களின் பொது அமைப்பாக விளங்கிற்று. இன்றும் எத்தனையோ எளிய வண்டிகளை அதுவே தாங்கி நிற்கின்றது. மழை நாளிலே குழி விழுந்த வீதியில், மனைவியையும் குழந்தையையும் பின்னே இருத்திச் செல்லும் ஒரு தொழிலாளிக்குப் பந்தயமோ கிண்ணமோ பொருட்டன்று. அவன் பிறேக்கை அழுத்தும்போது வண்டி தடுமாறாது நிற்றல் வேண்டும். அந்த உறுதியை அவனுக்குத் தருவது, அவன் கண்ணிலே படாது ஆசனத்தின் கீழே உழைக்கும் ஒரு ஸ்பிறிங்கும் சிறிதளவு எண்ணெயுமே.